வட்டத்தில் பத்துப் பேர்

நான் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க, விரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் வரிசையாக வந்து விரலை வைக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் ஆள் வந்தாயிற்று. பெயர் கூப்பிடுவது கிடையாது. போன மாதம் போய் நின்று பார்த்தேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் விரல் வைத்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நான் பெயர் கூப்பிட்ட காலத்தில் இருநூற்று ஆறு பேருக்குப் பதினேழு நிமிடம். அங்கே நின்ற இளம் உத்தியோகத்தர்களிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "ஐயா, நம்ம சங்கத்து மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸு, எழுத விஷயமா இல்ல?" என்றார்.

விஷயம் இருக்கிறது. ஆனால் அது அந்த முப்பத்தெட்டு வருடத்தில் இல்லை, ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்த எட்டு மாத வேலையில் இருக்கிறது. சங்கத்துக்கு அது சரிப்படுமா என்று நாலு நாள் யோசித்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் செய்த பிழை பெரட்டுக் களத்தில் கற்றுக்கொண்டது. ஆகவே சரிப்படும்.

முதலில் பெரட்டைப் பற்றிச் சொல்கிறேன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டம். இருபத்திரண்டு வயதில் உதவிக் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். ஐந்து வருடத்தில் பெரட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. பெயர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று குரல் வர வேண்டும். ஆள் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பார். "வந்துட்டாங்கய்யா, கீழ்லயத்துப் பாதையில ஏறுறாங்க." பாதையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சில நாள் நானே எடுத்துக் கொடுப்பேன். "பொன்னம்மா பிள்ளைக்காம்பராவுக்குத்தானே போயிருக்கு?" என்று கேட்டால் நாலு பேர் "ஆமாங்கய்யா" என்பார்கள். கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வர வேண்டும். அங்கே ஆயா கதவைத் திறப்பது அவள் வசதிப்படி. அதற்குத் தாய்மார் என்ன செய்வார்கள்? பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு மனதுக்குள் நூறு வரை எண்ணுவேன். பொன்னம்மா எழுபதுக்குள் மூச்சு வாங்க வந்து நிற்கும். பெயரை வெட்டினால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் வெட்டாமல் புத்தகத்தை மூடுவேன். எந்தத் துரைக்கும் இது தெரியாது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அறுபதில் ஓய்வு. தலவாக்கலையில் தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் இரண்டு அறை எடுத்துத் தங்கினேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அப்போதுதான் ஒரு கம்பனி கந்தப்பளைக்குப் போகும் வழியில் மைதானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அமெரிக்க ஃபுட்போல் அணி ஒன்றை ஆரம்பித்தது. புதிய லீக். ஆறு அணிகளில் ஐந்து இந்தியாவில் இருந்தன, ஒன்று எங்களுடையது. அணிக்கு 'மரைகள்' என்று பெயர். பச்சை ஹெல்மட்டில் இரண்டு பக்கமும் மரைமானின் கொம்பு வரைந்திருந்தது. சாமான்களைப் பொறுப்பெடுக்க, மூன்று பாஷையும் தெரிந்த, பொருளைத் தொலைக்காத ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பழைய துரை என் பெயரைக் கொடுத்திருக்கிறார். "அவர் பொருளைத் தொலைக்க மாட்டார், உங்கள் பொறுமையைத்தான் தொலைப்பார்" என்றும் சொன்னாராம்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெயர்தான் ஃபுட்போல், பந்தைக் காலால் உதைப்பது மிகக் குறைவு. கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஓடுகிறவனை மோதி விழுத்துவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் இரண்டு அணியும் தனித்தனியாக வட்டமாகக் கூடி, அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொள்ளும். பதினொரு பேர்தான் நிற்க வேண்டும். ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதால் சில நேரம் பன்னிரண்டு பேர் நின்றுவிடுவார்கள், அதற்குத் தண்டனை உண்டு. அதனால் என் முதல் வேலை நாற்பத்தாறு ஹெல்மட்டை எண்ணுவது. இரண்டாவது வேலை வட்டத்தை எண்ணுவது. கோச் ஓர் அமெரிக்கர், கதவை அடைக்கிற மாதிரியான உடம்பு. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்துவார். பதினொன்று என்றால் நான் கையை மூடிக் காட்டுவேன். எனக்கு அது பெரட்டுத்தான்.

பத்து ஆட்டம் ஆடினோம். பத்திலும் தோற்றோம். ஒன்றிரண்டு ஜெயித்தோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு மேலதிகாரி கோச் அல்ல, நிலந்தி மெடம். அணியில் காயம் பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்தவர். எதைச் செய்வதற்கு முன்னும் கை கழுவுவார், தேத்தண்ணீர் குடிப்பதற்கு முன்னும்கூட. கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அடுத்த வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனம் எனக்கு முதலில் பெரிய தொந்தரவாக இருந்தது. என்னோடு சிங்களத்தில் பேசுவார், ஐயா என்பதற்கு 'மாத்தயா' என்பார். தமிழில் அவருக்கு நாற்பத்து மூன்று சொற்கள் தெரியும்: வலி, எங்க, பொறு, மூச்சு விடு என்கிற மாதிரி.

முதல் நாளே என்னை உட்கார வைத்து ஒன்று சொன்னார். "மாத்தயா, தலையில் அடிபட்டவன் பொய் சொல்லுவான். கெட்டவன் என்பதால் அல்ல, விளையாட ஆசை. அதனால் முதலில் ஹெல்மட்டை வாங்கிவிடுங்கள். ஹெல்மட் இல்லாதவன் உள்ளே போக முடியாது. நான் சொல்லும்வரை அது உங்கள் மடியில் இருக்க வேண்டும். கோச் கேட்டாலும் கொடுக்காதீர்கள்."

பிறகு அடிபட்டவனிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எந்த மைதானம், ஆட்டத்தின் நாலு கால் பங்கில் இது எத்தனையாவது கால், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் வென்றோமா. தமிழ்ப் பையன்களிடம் நான் கேட்டு மெடத்துக்குச் சொல்ல வேண்டும். "அவர்களுக்குச் சிங்களம் தெரியுமே" என்றேன். "அடிபட்ட தலை வீட்டுப் பாஷையில்தான் யோசிக்கும்" என்றார்.

தோட்டத்துப் பையன்கள் ஒன்பது பேர் அணியில் இருந்தார்கள். சாமான் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் பெயரும் தோட்டமும் கேட்டு எழுதினேன். ஆறாவதாக வந்தவன் சசிகுமார், இருபத்து நாலு வயது, ஒல்லி. எறிந்த பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் வேலை அவனுக்கு. எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

"யார் மகன்?"

"பொன்னம்மா மகன்ங்க. நீங்க கணக்கப்பிள்ளை ஐயாதானே? அம்மா சொல்லும், பேரு கூப்பிடுறப்ப பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு வானத்தையே பாப்பாங்கன்னு. என்னங்கய்யா பாப்பீங்க?"

"மழை வருமான்னு பாப்பேன்" என்றேன்.

"அம்மா, நூறு எண்ணுவாங்கன்னுல்ல சொல்லும்" என்று சிரித்தான். இத்தனை வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பெரட்டுக் களம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

ஏழாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில். தூறல். சுற்றுவட்டத் தோட்டங்களில் இருந்து சனம் இடுப்பில் கட்டும் கொழுந்துப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றது. நாலாவது கால், இன்னும் ஐந்து நிமிடம். நாங்கள் பதினாறு, அவர்கள் பதினான்கு. அந்த சீசனில் நாங்கள் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. கோச்சின் கழுத்து சிவந்திருந்தது. நான் ஏற்கெனவே மூன்று முறை தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிவிட்டேன்.

சசி பந்தைப் பிடித்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள். அவன் தலையின் பின்பக்கம் தரையில் பட்டு ஒருமுறை எழும்பி மறுபடி பட்டது. பந்தை விடவில்லை. எட்டு எண்ணும்வரை அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து, தானாகவே ஓடி வந்தான். சனம் கத்தியது. நான் ஹெல்மட்டை வாங்கிக்கொண்டேன். மெடம் வந்து அவன் கண்ணைப் பார்த்தார். என்னைக் கேட்கச் சொன்னார்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பிந்தி வந்தவர்கள் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்று அப்படித்தான் பார்ப்பார்கள். என் வாய் முப்பத்து மூன்று வருடம் பழகிய மாதிரியே பேசியது.

"சசி, நாம நம்ம மைதானத்துலதானே இருக்கோம்?"

"ஆமாங்கய்யா."

"நாலாவது கால்தானே?"

"ஆமாங்க."

"கடைசியா புள்ளி எடுத்தது நாமதானே?"

"நாமதாங்கய்யா."

ஐந்துக்கும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். மெடம் அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றான். "ஐந்தும் சரியா, மாத்தயா?" என்று கேட்டார். "ஐந்தும் சரி" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. மெடம் தலையசைத்தார். சசி என் கையில் இருந்த ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வட்டம் பதினொன்று. அதற்கடுத்ததும் பதினொன்று. மூன்றாவது வட்டத்தை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துத்தான். கோச் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். என்னால் கையை மூட முடியவில்லை. எதிரணியின் வட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு. பதினொரு சிவப்பு ஹெல்மட்டுக்கு நடுவில் ஒரு பச்சை ஹெல்மட். சசி, எதிரணிக்காரன் ஒருவன் தோளில் கைபோட்டுக்கொண்டு, அவர்கள் பேசுவதைத் தலைகுனிந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவர்கள் சிரித்தார்கள். எங்கள் வட்டத்திலிருந்து ஒருவன், "டேய் சசி, பொண்ணு பாக்கவாடா அங்க போன?" என்று கத்தினான். சனமும் சிரித்தது. நான் குடையைப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் ஓடினேன். என்னைப் போன்றவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. நடுவர்கள் விசில் அடித்தார்கள். தண்டனைக்கு அடையாளமாக மூன்று மஞ்சள் துணிகள் விழுந்தன. சசியின் தாடைப் பட்டியைக் கழற்றி, ஹெல்மட்டை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன்.

அவன் என்னைப் பார்த்து, மெதுவான குரலில், "ஐயா, பெரட்டு முடிஞ்சிருச்சுங்களா?" என்றான்.

நான் உள்ளே போனதற்காக எங்களைப் பதினைந்து யார்டு பின்னால் தள்ளினார்கள். பந்து அவர்கள் கைக்குப் போனது. பதினாறுக்குப் பதினேழு என்று தோற்றோம். கோச் என்னிடம் வந்தார். நான் அணைத்துக்கொண்டிருந்த ஹெல்மட்டைப் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி, மழையில் உட்கார்ந்திருந்த சசியின் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். வெளியே நடையில் நின்று மெடத்திடம் நடந்ததைச் சொன்னேன். ஐந்து கேள்வியையும் கேட்டது எப்படி என்று சொல்லிக் காட்டினேன். அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"பதில் உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்றுதான் கேட்கச் சொன்னேன்" என்றார். பிறகு, "என்னிலும் பிழை இருக்கிறது. பாஷை விளங்காததால் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "அப்படியானால் நாற்பத்தாறு ஹெல்மட்டை யார் எண்ணுவது?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார். ஐந்து கேள்வியையும் தமிழில் எழுதச் சொன்னார். ஒவ்வொன்றையும் வாசிக்க வைத்து, அதற்குள் பதில் ஒளிந்திருக்கிறதா என்று சிங்களத்தில் விளக்கம் கேட்டார். நாலு முறை திருத்தி எழுதினேன்.

எட்டாவது, ஒன்பதாவது ஆட்டங்கள் இந்தியாவில். சசியை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று மெடம் விட்டுவிட்டுப் போனார். நானும் அவனோடு நின்றேன். முதல் மூன்று நாள் தலைவலி என்று அணி தங்கும் விடுதியில், திரை போட்ட அறையில் படுத்திருந்தான். ஐந்தாம் நாள், எல்லாம் சரியாகிவிட்டது என்றான். கோச்சின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையிலும் அப்படியே உட்கார்ந்திருந்தான். பெருமைக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பத்தாவது ஆட்டத்தைப் பார்க்கக் கம்பனிக்காரர்கள் வருகிறார்கள், அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று அன்றுதான் முடிவு செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு அந்த ஆட்டம் வேண்டும். என்னோடு அவன் பேசுவதில்லை. ஒரு நாள் மட்டும் பேசினான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் எம்பேர வெட்டிட்டீங்க. அம்மாவுக்கு மட்டும் நூறு எண்ணுனீங்க. எனக்கு பத்துகூட எண்ணல."

வட்டத்தில் பத்து எண்ணியதுதான் பிரச்சினை என்று சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

பொன்னம்மா இரண்டு பஸ் மாறி அவனைப் பார்க்க வந்தது. தலை நரைத்துவிட்டது, நடை மட்டும் அதே அவசர நடை. ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து இருவருக்கும் பங்கு போட்டது. அவன் கை கழுவப் போனபோது என்னிடம் சொன்னது:

"ஐயா, நான் டீவியில பாத்தேன். ஆட்டுக்கெடா முட்டுற மாதிரியில்ல முட்டுறானுங்க! இவன் சின்னதுலருந்தே விழுந்தா அழமாட்டான்ங்க. எந்திரிச்சு ஓடிருவான். அழற புள்ளயா இருந்தா எங்க வலிக்குதுன்னு தெரியும். இவனை எப்படிங்கய்யா நம்புறது?"

"மெடம் பாப்பாங்கம்மா" என்றேன்.

"நீங்க பாருங்கய்யா" என்றது.

பத்தாவது ஆட்டத்துக்கு முதல் நாள் காலை சோதனை. மெடம், நான், சசி. கோச் வாசலில் நின்றார். அன்றைக்கு ஐந்து கேள்விகளோடு ஐந்து சொற்களும் இருந்தன. நான் சொற்களை வாசிக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து அவன் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்களை நான்தான் தெரிவு செய்திருந்தேன்: கொழுந்து, ரயில், ரொட்டி, மேகம், குடை. வாசித்தேன். இடையில், அவன் அடிபட்ட ஆட்டத்தை வைத்து, ஐந்து கேள்விகளையும் தாளில் உள்ளபடியே கேட்டேன். ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். கோச்சின் முகம் தெளிந்தது.

பத்து நிமிடம் ஆனது. "இப்ப அந்த அஞ்சையும் சொல்லு" என்றேன்.

"கொழுந்து. ரயில். ரொட்டி." கொஞ்சம் நிறுத்தி, "மேகம்."

அப்புறம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அதே பார்வை. அப்போதுதான் கவனித்தேன், வெளியே மழையில் நனைந்த என் குடை என் முழங்காலில் சாய்ந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என் கை அதன் பிடியில் இருந்தது. விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு அங்குலம் அசைத்தால் போதும். நாளைக்கு விளையாடுவான். பொன்னம்மா டீவியில் பார்க்கும்.

குடையை எடுத்துக் கதிரைக்குப் பின்னால் வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். மெடமும் பேசவில்லை. அந்த அம்மாவின் மௌனத்துக்கு அன்றுதான் நன்றி சொல்லத் தோன்றியது.

அறுபத்து நாலில், "வரலைங்கய்யா" என்றான்.

நூறுவரை எண்ணுவது என் வழக்கம். நிறுத்தவில்லை. எண்பதைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"தலை வலிக்குதுங்கய்யா. நிக்கவே இல்ல. வெளிச்சம் கண்ணுல குத்துது, அதான் தொப்பி. மெடத்துக்கிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மெடம் அவன் தலையில் கைவைத்து, தன் நாற்பத்து மூன்று சொற்களில் ஒன்றைச் சொன்னார். "பொறு." பிறகு அவன் ஹெல்மட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

சசியைக் கண்டி டொக்டர் நாலு மாதம் கழித்துத்தான் விளையாட விட்டார். இரண்டாவது சீசனுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், முழங்கால் விடவில்லை. ஆனால் கடைசி ஆட்டத்தன்று இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மேடையில் கம்பனிக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சசி சாதாரண உடுப்பில், தொப்பியோடு, எங்கள் வாங்குப் பலகையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். அவன் ஹெல்மட் என் மடியில் இருந்தது.

முதல் காலில் மழை வலுத்தது. அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மழைக்காகத்தான் என்று நினைக்கிறேன். குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடி நனைந்து எனக்கு வட்டம் மங்கலாகத் தெரிந்தது. கோச் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். நான் கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினேன்.

"பதினொன்னுங்கய்யா" என்றான் சசி.

கையை மூடிக் காட்டினேன். பிறகு நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது காலில், நாங்கள் இருபது புள்ளி பின்னால் இருந்தபோது, அவன் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடை" என்றான்.

"என்னப்பா, நனையுதா?"

"இல்லீங்கய்யா. அஞ்சாவது. குடை."

"பாத்துச் சொன்னா சேராது" என்றேன்.

சிரித்தான். குடையை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த வட்டத்தை எண்ண ஆரம்பித்தேன்.